பக்கத்து வீட்டு வைஃபை, நம் வீட்டு நடமாட்டம்

சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க இனி தனியாக எதையும் அனுப்ப வேண்டியதில்லை. காற்றில் ஏற்கெனவே இருக்கும் அலையே போதும். மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இதற்கு மூன்று விதமான அர்த்தங்கள் இருக்கின்றன.

2008 நவம்பர் 28 காலை. கொலாபாவில் நரிமன் ஹவுஸின் மொட்டை மாடியில் தேசியப் பாதுகாப்புப் படை கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கியதை நாடே டிவியில் நேரலையாகப் பார்த்தது. வெளியே நடந்த ஒவ்வொரு அசைவும் கேமராவில் விழுந்தது. அதே நேரலையைப் பார்த்துக்கொண்டு பாகிஸ்தானிலிருந்தவர்கள் தங்கள் ஆட்களுக்குப் போனில் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் உள்ளே எந்த மாடியில் யார் இருக்கிறார், பிணைக் கைதிகள் உயிரோடு இருக்கிறார்களா என்பது வாசலில் நின்ற வீரர்களுக்குத் தெரியாது. தாஜ் ஹோட்டலிலும் இதே நிலைதான். நூற்றுக்கணக்கான அறைகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் துப்பாக்கி இருக்கலாம், பயந்து ஒளிந்திருக்கும் குடும்பமும் இருக்கலாம். நவம்பர் 26 இரவு தொடங்கி 29 காலையில் முடிந்த அந்தத் தாக்குதல் 166 உயிர்களைக் கொண்டுபோனது.

அதன் பிறகு நடந்தவற்றில் ஒன்றை மும்பைக்காரர்கள் தினமும் பார்க்கிறோம். 2016 அக்டோபரில் நகரத் தெருக்களில் சுமார் 4,700 சிசிடிவி கேமராக்கள் இயங்கத் தொடங்கின. இன்னொன்று பெங்களூரில் நடந்தது. டிஆர்டிஓவின் ரேடார் ஆய்வுக்கூடமான எல்ஆர்டிஇ, சுவருக்கு வெளியே நின்றபடி உள்ளே இருக்கும் ஆட்களைக் காட்டும் ‘திவ்யசக்ஷு’ என்ற ரேடாரை உருவாக்கும் வேலையில் இறங்கியது. 2010 வாக்கிலேயே அது பத்திரிகைச் செய்தியானது. நியாயமான தேவைதான். பிணைக் கைதி எந்த மூலையில் இருக்கிறார் என்று தெரிந்தால் உயிர்கள் மிஞ்சும். 26/11-ஐ இந்த ஊரில் இருந்து பார்த்த யாரும் அந்தத் தேவையைக் குறைத்துப் பேச மாட்டார்கள்.

திவ்யசக்ஷு போன்ற கருவி தன் அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதைத் தானே வாங்கிக்கொள்கிறது. அதற்குச் செலவு உண்டு, பயிற்சி வேண்டும். அனுப்புகிற அலையை எதிராளி தன் கருவியால் கண்டுபிடித்துவிடவும் முடியும். கடந்த பதினைந்து ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் வளர்ந்து வருவது வேறு வகை. அது எதையும் அனுப்பாது. வீட்டில் ஆணியில் தொங்கும் வைஃபை ரூட்டர் இரவும் பகலும் அலை பரப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த அலை சுவரில் பட்டு, பீரோவில் பட்டு, நம் உடம்பில் பட்டுச் சிதறுகிறது. சிதறியதை வெளியே உட்கார்ந்து வாங்கிக்கொண்டால் போதும். இதற்கு பேசிவ் ரேடார் என்று பெயர்.

அலையைக் கடன் வாங்கும் ரேடார்

யோசனை புதிதல்ல. ரேடாரே இப்படித்தான் பிறந்தது. 1935 பிப்ரவரி 26 அன்று ராபர்ட் வாட்சன்-வாட்டும் ஆர்னால்ட் வில்கின்ஸும் இங்கிலாந்தின் டேவன்ட்ரி அருகே ஒரு வயலில் ரிசீவரோடு காத்திருந்தார்கள். அவர்களிடம் டிரான்ஸ்மிட்டர் கிடையாது. பிபிசியின் சிற்றலை வானொலி நிலையம் 49 மீட்டர் அலையில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. மேலே பறந்த ஹேஃபோர்டு குண்டுவீச்சு விமானம் அந்த வானொலி அலையைச் சிதறடித்ததை அவர்களுடைய கருவியின் திரை காட்டிக்கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் இதையே திருப்பிச் செய்தார்கள். பிரிட்டனின் சொந்த ரேடார் அலைகளைக் கடன் வாங்கி பிரிட்டிஷ் விமானங்களைக் கண்காணித்தது ‘க்ளைன் ஹைடல்பெர்க்’ என்ற அவர்களுடைய அமைப்பு.

விமானத்துக்குப் பதில் மனிதன், பிபிசிக்குப் பதில் ரூட்டர் என்று மாற்றிப் போட்டவர்களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். கெவின் செட்டியும் கார்ல் உட்பிரிட்ஜும் கிரேம் ஸ்மித்தும் 2012இல் வெளியிட்ட கட்டுரை, செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பவரை வைஃபை அலையை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியது. வேலை நடக்கும் விதம் இதுதான். இரண்டு ஆண்டெனாக்கள். ஒன்று ரூட்டரிலிருந்து நேராக வரும் அலையை வாங்கும். மற்றது கண்காணிக்க வேண்டிய அறையைப் பார்த்து நிற்கும். அதில் எல்லாப் பொருள்களிலும் பட்டுச் சிதறி வந்த அலைகளின் கலவை விழும். முதலாவதை வைத்து இரண்டாவதில் இருக்கும் நேரடி அலையையும் அசையாத சுவர், மேஜை, பீரோவின் எதிரொலிகளையும் கணக்குப் போட்டுக் கழித்துவிட வேண்டும். மிச்சம் நிற்பது அசைவது மட்டுமே.

அசைவு எப்படித் தெரிகிறது? மாட்டுங்கா ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் லோக்கலின் ஹாரன் நம்மை நோக்கி வரும்போது கூர்மையாகவும் கடந்து போனதும் மந்தமாகவும் கேட்குமே, அதே டாப்ளர் விளைவுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை நொடிக்கு 240 கோடி முறை துடிக்கிறது. அதன் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது சமையல் மேடையிலிருந்து வாசலுக்குப் போகும் சாதாரண நடையில், ஒருவர் கருவியை நோக்கி வந்தால் எதிரொலியின் துடிப்பு அதிகபட்சம் 16 கூடுகிறது. 240 கோடியில் வெறும் 16. ஒரு நொடி நேரம் தொடர்ந்து அலையை வாங்கிச் சேர்த்தால் அந்தப் பதினாறைப் பிரித்தெடுத்துவிடலாம். கை வீசுவது, குனிவது, உட்கார்வது ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்தக் கோலம் உண்டு. டெல்லி ஐஐஐடியில் இந்தத் துறையில் வேலை செய்யும் ஷோபா சுந்தர் ராம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அவருடைய ஆய்வுக் குழுவிலிருந்து லண்டனுக்குப் போன ஷெல்லி விஷ்வகர்மா, மனித அசைவு வைஃபை ரேடாரில் எப்படித் தெரியும் என்பதைக் கணினியிலேயே உருவாக்கிப் பார்க்கும் ‘சிம்ஹ்யூமலேட்டர்’ மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர்.

இதற்கு நேர் பக்கத்தில் இன்னொரு வழியும் வளர்ந்தது. ரூட்டரும் போனும் பேசிக்கொள்ளும்போது, வழியில் அலை எவ்வளவு சிதைந்தது என்பதை அவை தாமே அளந்துகொள்கின்றன. சிதைவைத் தெரிந்துகொண்டால்தான் செய்தியைச் சரியாகப் படிக்க முடியும். இருபது மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இந்த அளவு எடுக்கப்படுகிறது. அறையில் ஒருவர் நகர்ந்தால் இந்த எண்கள் எல்லாம் குலுங்கும். அந்தக் குலுங்கலைப் படிக்கக் கற்றுக்கொண்டதில்தான் மீதி கதை இருக்கிறது. 2013இல் எம்ஐடியின் டீனா கட்டாபியும் ஃபாதல் அதீபும் சுவருக்கு அப்பால் இருப்பவர்களை வைஃபை வழியே பார்த்தார்கள். 2015இல் கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் யாஸமின் மோஸ்தோஃபியின் குழு, யார் கையிலும் போன் இல்லாமலே ஓர் இடத்தில் நடமாடுபவர்கள் ஒன்பது பேர் வரை எண்ணிக் காட்டியது. கார்னெகி மெலன் ஆய்வாளர்கள் 2022 இறுதியில் சாதாரண ரூட்டர்களை வைத்தே மனித உடலின் நிலையை, கை எங்கே கால் எங்கே என்பது வரை, வரைந்துவிட்டார்கள். இதற்கெல்லாம் பெரிய ஆய்வுக்கூடமும் தேவையில்லாமல் போய்விட்டது. கிராண்ட் ரோடு பக்கம் லாமிங்டன் ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎஸ்பி32 சில்லு, இந்தச் சிதைவு எண்களை எடுத்துக்கொடுக்கும். கல்லூரி மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு வாங்கிப்போகும் சில்லு அது.

மாட்டுங்காவில் ஒரு நல்ல பயன்

கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய மூன்று மாடிக் கட்டடங்களில், ஆஸ்திக சமாஜத்துக்கும் பூக்கடைகளுக்கும் நடந்து போகிற தூரத்தில், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் நிறைய. பிள்ளைகள் பெங்களூரிலோ நியூ ஜெர்ஸியிலோ இருப்பார்கள். காலையில் பால் பாக்கெட் கதவில் தொங்கிக்கொண்டே இருந்தால் எதிர் வீட்டுக்காரர் மணி அடித்துப் பார்ப்பார். பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. மும்பை போலீஸ் முதியோருக்கென்று 1090 எண் வைத்திருக்கிறது. ஆனால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவரால் போனை எட்டி எடுக்க முடியாது.

இங்கேதான் இந்தத் தொழில்நுட்பம் மனசார வரவேற்கத்தக்கது. பாத்ரூமில் கேமரா வைக்க யாரும் ஒப்ப மாட்டார்கள், வைக்கவும் கூடாது. அலைக்கு முகம் தெரியாது, உடை தெரியாது. ஆனால் ஓர் உடம்பு சட்டென்று கீழே போனதும் அதன் பிறகு அசைவே இல்லாததும் அதில் தெளிவாகத் தெரியும். மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் ஏறி இறங்குவதைக்கூட அமைதியான அறையில் பிடிக்க முடியும். கட்டாபியின் குழு 2022இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, தூக்கத்தில் மூச்சு வாங்கும் விதத்தை ரேடியோ அலையால் அளந்து பார்க்கின்சன் நோயைக் கண்டறிய முடியும் என்று காட்டியது. அவர்கள் பயன்படுத்தியது வைஃபை ரூட்டர் போலத் தோன்றும் தனிக் கருவி. அடிப்படை ஒன்றுதான். உடம்பில் எதையும் மாட்டாமல், வார்டுக்குக் கூட்டிப்போகாமல், அவரவர் கட்டிலிலேயே இது நடக்கிறது. தனியாக வாழும் ஒரு பாட்டிக்கு அவர் சம்மதத்தோடு இதைப் பொருத்துவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

அந்தப் பாட்டி தன் ரூட்டரைத் தானே வைத்திருக்கிறார், எதற்கு என்று தெரிந்து வைத்திருக்கிறார், அணைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. நான் வரவேற்பது இந்த மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டை. செம்பூரில் இவற்றில் சில குறைகின்றன. தாராவியில் மூன்றுமே இல்லை.

செம்பூர் ஃப்ளாட்டில் வேலைக்கு வருபவர்

செம்பூரில் பழைய மாடா காலனிகளும் சிறு சொசைட்டிகளும் இடிக்கப்பட்டு, கோபுரங்களாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. அந்த ஃப்ளாட்டுகளுக்குப் பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் லோகண்டே மார்க் பக்கத்துச் சால்களிலிருந்து பெண்கள் காலையில் வருகிறார்கள். கேட்டில் செக்யூரிட்டியின் ஆப்பில் அவர்களுடைய வருகை ஏற்கெனவே பதிவாகிறது. நாளை வீட்டு ரூட்டரிலேயே நடமாட்டம் பார்க்கும் வசதி வந்தால், சமையலறையில் எத்தனை நிமிடம், பால்கனியில் எத்தனை நிமிடம், எப்போது சும்மா உட்கார்ந்தார் என்பதும் முதலாளியின் போனுக்குப் போகும்.

இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் ‘வைஃபை மோஷன்’ என்ற வசதியைத் தன் வாடிக்கையாளர்களுக்கு 2025இல் கொண்டுவந்தது. வீட்டில் ஓரிடத்தில் நிலையாக இருக்கும் டிவி, பிரிண்டர் போன்ற மூன்று கருவிகள் வரை தேர்ந்தெடுத்துக்கொடுத்தால், ரூட்டருக்கும் அவற்றுக்கும் இடையே யாராவது நடக்கும்போது போனில் அறிவிப்பு வரும். அதன் நிபந்தனைகளில் ஒரு வரி இருக்கிறது: போலீஸ் விசாரணை, நீதிமன்ற வழக்கு போன்றவற்றுக்காக இந்தத் தகவலை வாடிக்கையாளருக்கு மேற்கொண்டு அறிவிக்காமலே மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கலாம்.

நம் ஊரில் வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சட்டம் என்ன தருகிறது? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் தன் வீட்டில் தன் ரூட்டரில் பார்க்கிறார்; ‘இது வீட்டு உபயோகம்’ என்று அவர் சொன்னால் அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. அவருக்கு அந்த வீடு வேலை செய்யும் இடம் என்பது சட்டத்தின் கண்ணில் படவில்லை.

தாராவியில் சுவர் யாருடையது?

தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து ஒரு கல்லிக்குள் திரும்புங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திண்ணையில் ஏறி நின்று வழிவிட வேண்டும். தலைக்கு மேலே மின்சார ஒயரும் கேபிள்காரரின் ஃபைபர் ஒயரும் கொத்தாகப் போகின்றன. கீழே பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம். வெளியிலிருந்து செங்குத்தாக ஏறும் இரும்பு ஏணி. அதன் முடிவில் மாலா எனப்படும் மாடி அறை. அங்கே வாடகை கொடுத்து இருக்கும் இன்னொரு குடும்பம், அல்லது தையல் மெஷின்களோடு நாலைந்து பையன்கள். கீழ் வீட்டுச் சுவர் அரைச் செங்கல். மாலாவின் சுவரோ தகரம், சிமெண்ட் ஷீட், ப்ளைவுட். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். நாலு வீட்டுக்கு ஒருவர் கனெக்‌ஷன் வாங்கி மாதக் கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்வது சகஜம். ஆன்லைன் பாடமும் ஆர்டரும் பணப் பரிமாற்றமும் இதில்தான் ஓடுகின்றன.

தகரம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். சிமெண்ட் ஷீட்டும் ப்ளைவுட்டும் ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். அரைச் செங்கலில் கொஞ்சம் குறையும். ஆக, ஒரு ரூட்டரின் அலை சுற்றியுள்ள பல வீடுகளுக்குள் புகுந்து, அங்கே தூங்குபவர் மேலும் குளிப்பவர் மேலும் பட்டுத்தான் வெளியே வருகிறது. அந்த வீடுகளில் இருப்பவர்கள் ரூட்டர் வாங்கவில்லை, எந்த நிபந்தனையிலும் கையெழுத்துப் போடவில்லை. வைஃபை பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் இங்கே உதவாது. கேட்பவர் செய்தியைப் படிப்பதில்லை. அலை எங்கே பட்டு வந்தது என்பதை மட்டுமே பார்க்கிறார். 2020இல் சிகாகோ, சாந்தா பார்பரா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் செய்து காட்டியதும் அதுதான். சாதாரண ஸ்மார்ட்போனோடு கட்டடத்துக்கு வெளியே நடந்து, உள்ளே இருக்கும் வைஃபை கருவிகள் எந்தெந்த அறையில் இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டு, பிறகு எந்த அறையில் ஆள் நடமாடுகிறார் என்று வெளியிலிருந்தே சொன்னார்கள்.

உள்ளே யார், எத்தனை பேர் என்ற கேள்விக்கு தாராவியில் இன்று இருக்கும் விலை மும்பையில் வேறெங்கும் இல்லை. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்ற மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச் மாதம் கமலா ராமன் நகரில் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதாகக் காட்ட முடிந்த குடும்பத்துக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாலாவில் இருப்பவர்களுக்கு வெளியே வாடகை வீடு. திருநெல்வேலியிலிருந்து தாத்தா காலத்தில் தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பத்தில்கூட, தம்பி மாலாவில் இருக்கிறானா தனியாக இருக்கிறானா என்பது ஒரு வீட்டை முடிவு செய்கிறது.

அந்தக் கணக்கெடுப்பின் கருவிகள் ட்ரோனும் லேசர் அளவியும் வீடு வீடாக ஏறிய ஆட்களும். வைஃபை ரேடாருக்கு அதில் இடமில்லை. இங்கே அதைச் சொல்லக் காரணம் வேறு. ஒரு வீட்டுக்குள் ஆள் இருப்பது பணமாக மாறும் இடத்தில், அதைச் சொல்லக்கூடிய கருவி கைக்கு எட்டும் விலையில் வந்தால், யாராவது பயன்படுத்திப் பார்க்கத் துணிவார்கள். அரசு அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வாடகைக்கு விட்ட அறையில் சொன்னதைவிட அதிகம் பேர் தூங்குகிறார்களா என்று பார்க்க நினைக்கும் வீட்டுக்காரர், கடன் வசூலிக்க வந்து பூட்டிய கதவைப் பார்க்கும் ஏஜென்ட், கணவனை விட்டுத் தோழி வீட்டில் ஒளிந்திருக்கும் பெண்ணைத் தேடுபவன், எவராகவும் இருக்கலாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது கருவியின் தவறு. ஆய்வுக்கூடச் சோதனைகளில் பெரும்பாலும் ஓர் அறை, ஒருவர் அல்லது சிலர், தெரிந்த ரூட்டர். தாராவியின் நிலைமை அதற்கு நேர் எதிர். தூரத்தைப் பிரித்தறியும் திறன் அலைவரிசையின் அகலத்தைப் பொறுத்தது. 20 மெகாஹெர்ட்ஸ் அகல வைஃபையால், மிகச் சாதகமான நிலையில்கூட, ஏழரை மீட்டருக்குள் இருக்கும் இரண்டு பேரைத் தூரத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. தாராவி அறையின் அகலமே மூன்று மீட்டர்தான். அசைந்தவர் இந்த வீட்டில் இருந்தாரா, அடுத்த வீட்டிலா, மேலே மாலாவிலா என்பது அந்தக் கணக்கில் வராது. புதிய ரூட்டர்களின் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இது ஒரு மீட்டருக்குள் வந்துவிடுகிறது. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு ரூட்டர்கள் ஒரே சேனலில் மோதிக்கொள்வதும், தகரச் சுவர்கள் அலையை எட்டுத் திசையிலும் திருப்பி அடிப்பதும், ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்திருப்பதும் மாறப்போவதில்லை. அசையாமல் தூங்குபவர்களைக் கூட்டத்தில் பிரித்து எண்ணுவது இன்னமும் கடினம். ஆனால் கருவி ‘எனக்குப் புரியவில்லை’ என்று திரையில் காட்டாது. நாலு என்றோ ஏழு என்றோ ஓர் எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணை மறுக்க வேண்டிய சுமை தாராவிக்காரர் தலையில் விழும். ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் வைத்துக்கொண்டே தன் இருப்பை நிரூபிக்கப் படாத பாடு படும் மனிதர், டாப்ளர் கணக்கோடு எங்கே போய் வாதாடுவார்?

ஆளை அடையாளம் காண்பது

‘அசைவுதானே தெரிகிறது, ஆள் யார் என்று தெரியாதே’ என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலும் 2025இல் போய்விட்டது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கழகத்தில் தோர்ஸ்டன் ஸ்ட்ரூஃபேவின் குழு 197 பேரை வைத்துச் சோதனை செய்தது. ரூட்டர் அலையைச் சரியான திசையில் குவிப்பதற்காக, அதோடு இணைந்திருக்கும் போன்களும் லேப்டாப்களும் அடிக்கடி ஒரு பின்னூட்டத் தகவலை அனுப்புகின்றன. அது பூட்டு எதுவும் இல்லாமல் திறந்த நிலையில் காற்றில் போகிறது. அதை மட்டும் வாங்கி, நடப்பவர் யார் என்பதை ஏறக்குறைய நூறு சதவீதம் சரியாகச் சொல்லிவிட்டார்கள். நடந்தவர் கையில் எந்தக் கருவியும் இருக்க வேண்டியதில்லை. போனை அணைத்துவிட்டு வந்தாலும் பயனில்லை, சுற்றி இருப்பவர்களின் போன்கள் போதும். முதலில் ஒருமுறை அவருடைய நடையைப் பழகியிருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மும்பை மாதிரி ஊரில் ஒருவர் தினமும் கடக்கும் டீக்கடை, ஸ்டேஷன், ஆபீஸ் எல்லாவற்றிலும் வைஃபை இருக்கிறது. மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனில் 2016 ஜனவரியிலேயே இலவச வைஃபை வந்தது. மாநில அரசின் ‘ஆப்லே சர்கார்’ வைஃபை 2017 ஜனவரியில் 500 இடங்களில் தொடங்கியது.

இதற்கிடையே, வைஃபை கருவிகள் சுற்றுப்புறத்தை உணர்வதற்கான 802.11பிஎஃப் என்ற தரத்துக்கு ஐஇஇஇ அமைப்பு 2025இல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இதுவரை ஆய்வாளர்கள் சுற்றி வளைத்துச் செய்ததை இனி ரூட்டரும் போனும் முறைப்படி, ஒன்றுக்கொன்று புரியும் மொழியில் செய்யலாம். அந்தத் தரத்திலேயே தனியுரிமைப் பாதுகாப்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கார்ல்ஸ்ரூஹே குழு கேட்டது.

கரக் சிங் வீட்டுக் கதவு

இந்தக் கேள்வியை நம் நீதிமன்றம் ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்றுதான் சொல்வேன். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941இல் கொள்ளை வழக்கில் கைதாகி, சாட்சியம் இல்லாமல் விடுதலையானார். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் கோப்பு திறந்தது. நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி, ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவது அந்தக் கண்காணிப்பின் ஒரு பகுதி. 1962இல் உச்ச நீதிமன்றம் இந்த இரவுச் சோதனைகளை 21ஆம் பிரிவுக்கு விரோதம் என்று ரத்து செய்தது. மற்றக் கண்காணிப்பை அன்று பெரும்பான்மை நீதிபதிகள் விட்டுவைத்தார்கள். தனியுரிமை அரசியல் சட்டம் தரும் உரிமை இல்லை என்றார்கள். நீதிபதி சுப்பா ராவ் அதற்கு உடன்படவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்து, அந்தப் பழைய கருத்தைத் தள்ளிவைத்தார்கள்.

கரக் சிங் வீட்டுக் கதவைத் தட்டிய போலீஸ்காரருக்குத் தேவைப்பட்டது ஒரே தகவல்: ஆள் உள்ளே இருக்கிறாரா? வைஃபை ரேடார் கொடுப்பதும் அதே தகவலைத்தான், கதவைத் தட்டாமல். தட்டினால் தூக்கம் கலையும், அக்கம்பக்கத்துக்குத் தெரியும், வழக்குப் போடலாம். தட்டாமல் எடுத்தால் எடுத்ததே தெரியாது. அதனால் இதைக் குறைந்த அத்துமீறல் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் கைலோ வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: தெருவில் நின்றபடி வெப்பக் கேமராவால் வீட்டைப் பார்ப்பதும் சோதனைதான், அதற்கு வாரண்ட் வேண்டும். 2014இல் டென்சன் வழக்கில், வாசலில் வைத்து உள்ளே மூச்சு விடுபவரைக் கண்டுபிடிக்கும் கையடக்க ரேடாரை மார்ஷல்கள் பயன்படுத்தியது வெளியே வந்தபோது, அங்கேயும் மேல்முறையீட்டு நீதிபதிகள் எச்சரிக்கையோடு கேள்வி எழுப்பினார்கள்.

நம் தரவுச் சட்டம் சம்மதத்தை மையமாக வைத்திருக்கிறது. தாராவியில் இருக்கும் ஓர் அம்மா அந்தச் சம்மத அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகள் எல்லாவற்றுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் அவர் மேல் படுவது பக்கத்து வீட்டு ரூட்டரின் அலை. அறிவிப்பு பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் வரும். பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி அரசு தன் அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்கவும் வழி இருக்கிறது.

செய்ய வேண்டியதில் குழப்பம் ஒன்றுமில்லை. ரேடியோ அலையால் வீட்டுக்குள் பார்ப்பதை வீட்டுக்குள் நுழைவதாகவே சட்டம் எழுத வேண்டும். போலீஸுக்கு அது தேவைப்பட்டால், 26/11 போன்ற அவசரம் நீங்கலாக, நீதிமன்ற உத்தரவு வேண்டும். சம்மதம் ரூட்டர் வைத்திருப்பவரோடு நிற்காமல், அலை படுகிறவரிடமும் போக வேண்டும்; வீட்டு வேலை செய்பவர் உட்பட. நடமாட்டம் உணரும் வசதி கடையிலிருந்து வரும்போது அணைந்த நிலையில்தான் இருக்க வேண்டும். வைஃபை கருவிகளுக்கு ஒப்புதல் கொடுக்கும் தொலைத்தொடர்புத் துறை அதை நிபந்தனையாக்கலாம். காற்றில் திறந்தபடி போகும் அந்தப் பின்னூட்டத்தைப் பூட்டச் சொல்லலாம். வெளியில் கேட்பவரைக் குழப்ப ரூட்டரே போலி அலைகளைக் கலந்து அனுப்பும் தற்காப்பு முறையை சிகாகோ, சாந்தா பார்பரா ஆய்வாளர்கள் தங்கள் 2020 கட்டுரையிலேயே கொடுத்திருக்கிறார்கள். தாராவியின் புதிய கோபுரங்களுக்கு இணைய இணைப்பு ஒப்பந்தம் போடும்போது, நடமாட்டத் தரவை எடுக்கவோ விற்கவோ கூடாது என்ற பிரிவைக் குடியிருப்போர் சங்கங்கள் முதல் வரைவிலேயே கேட்டு வாங்க வேண்டும்; வீடு கைக்கு வந்த பிறகு கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். தரவுச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். அது 2027 மே மாதம் முடிகிறது.